வளையமா, இருட்டா

புல்வெளியில் குதிரை மேய்க்கும் எங்கள் மக்களின் நிச்சயதார்த்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டின் ஈரலையும் வால்கொழுப்பையும் நறுக்கி, புளித்த பால் ஊற்றி, பெண்ணின் தாய் தன் கையால் சம்பந்திக்கு ஊட்டுவாள். தொண்டையில் இறங்கிவிட்டால் பிறகு யாரும் பேச்சு மாறக்கூடாது.

கூடாரத்துக்குள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அதைத்தான் நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் என் அப்பா தோலெகெனும், மேற்கே கானின் பாளையத்துக்குப் பக்கத்திலிருந்து பத்து நாள் குதிரையில் வந்த சார்மானும் பேசிக்கொண்டிருந்தார்கள். போன கோடைப் பந்தயத்தில் சார்மானின் மகன் ஜந்தாஸின் தொப்பி பறந்து என் காலடியில் விழுந்தது. நான் அதைத் திருப்பித் தரவில்லை.

"போன மாசம் சூரியன் செத்துப் பிழைச்சுதே, பாத்தீங்களா சம்பந்தி?" என்றார் அப்பா. "பகல்ல கும்மிருட்டு. நட்சத்திரம்கூட தெரிஞ்சுது."

"இருட்டா? சுத்தி நெருப்பு வளையம்ல நின்னுச்சு! முழுசா மறையவே இல்லியே."

"அன்னிக்குக் குதிரைப்பால் கொஞ்சம் அதிகமோ?"

"நீங்க சூரியனைக் காப்பாத்தப் பானையைத் தட்டுற பயத்துல கண்ணை மூடிட்டீங்களோ?"

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இருக்கிறது ஒரே சூரியன். அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் சொல்லணுமா அதை? பொய்யன் வீட்டுல பொண்ணெடுக்க நான் இவ்வளவு தூரம் வரல." சார்மான் கிளம்புவதற்குக் குதிரைச் சவுக்கை எடுக்கும் சத்தம் கேட்டது.

"கம்ஷாத்! நீயும் பாத்தியேம்மா, சொல்லு! இருட்டுச்சா இல்லியா?"

பார்த்தேன்தான். மூன்று பீச்சு பால் கறக்கும் நேரம் இருட்டு. பெண்குதிரை குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. அப்பா சொன்னது சத்தியம். ஆனால் மாமனாராகப் போகிறவர் காதில் பெண்ணின் குரல் விழக்கூடாது. கோபத்தில் அப்பா அதை மறந்துவிட்டார். எத்தனையோ நாள் நான் சலித்துக்கொண்ட வழக்கம் அது. அன்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் தட்டைத் திரைக்கு அடியில் தள்ளினேன்.

மறுபக்கம் இருந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "உங்க மருமக பதில் இதுதான்" என்று ஒரு பிடி அள்ளினாள். "வளைய..." என்று திறந்த சார்மானின் வாயில் அப்படியே அடைத்துவிட்டாள்.

அவரால் துப்ப முடியாது. திரை இடுக்கில் பார்த்தேன்: விழித்தார், மென்றார், விழுங்கினார். மிச்சப் பாலை அம்மா வழக்கப்படி அவர் முகத்தில் பூசினாள். மீசையும் தாடியும் சேர்ந்து வாயைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம்.

அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஆமா சம்பந்தி, வளையந்தான். இப்பத் தெரியுது!"

முதலில் வெடித்துச் சிரித்தது சார்மான்தான்.

கல்யாணம் முடிந்து மேற்கே கிளம்பிய அன்று ஜந்தாஸிடம் தொப்பியைக் கொடுத்தேன். "நீ என்ன பாத்த?"

"வளையம். நீ?"

"இருட்டு."

அவன் சண்டைக்கு வரவில்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல எங்கயோ அந்த வளையம் இருட்டா மூடிக்கிச்சு போல" என்றான்.

பத்து நாளும் அந்த இடத்தைத் தேடிக்கொண்டே போனோம்.