முன்சக்கரம்

சென்னையிலிருந்து சேலம் போகும் காலை விமானத்தில் சசிகலா பணிப்பெண். ஏற்காடு மலையிலுள்ள கொட்டச்சேட்டுக்காரி. அன்றைக்கு அவளுடைய அம்மா ராசம்மாளும் அதே விமானத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்க்கச் சென்னைக்குப் பஸ்ஸில் போனவள். விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. முன்வரிசையில் ஜன்னலோரம் கிடைத்திருந்தது. இறங்கும் நேரத்தில் சசிகலா உட்காரும் மடக்கு இருக்கை அவளுக்கு நேர் எதிரே.

சேலம் நெருங்கியதும் சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. ராசம்மாள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "ஏரி தெரியுது கண்ணு" என்றாள். சசிகலா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆனால் விமானம் இறங்கவில்லை. இரைச்சலோடு மேலே ஏறி, மலையைச் சுற்றத் தொடங்கியது. விமானி அறையோடு பேசும் தொலைபேசி ஒலித்தது. கேப்டன் சுருக்கமாகச் சொன்னார். முன்சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொண்டதற்கான விளக்கு எரியவில்லை. கையால் இயக்கிப் பார்த்தாயிற்று, பயனில்லை. தரை தொட்டதும் அது மடங்கலாம். பயணிகளைத் தயார்படுத்த வேண்டும்.

பின்பக்கம் இருந்த இன்னொரு பணிப்பெண் திவ்யாவிடம் சசிகலா அதை அப்படியே சொன்னாள். திவ்யா வேலையில் அவளுக்கு மூத்தவள். "மூக்கு கீழ போனா வால் தூக்கிக்கும். பின்கதவுல யாரையும் இறக்க முடியாது. எல்லாரும் உன் பக்கம்தான் வருவாங்க" என்றாள்.

முன்னால் இரண்டு பக்கமும் அவசர வழிகள் இருந்தன. அவற்றின் கதவுகளைப் பெயர்த்து வெளியே வீசத் தெம்புள்ளவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். கேப்டன் ஆங்கிலத்தில் அறிவித்து முடித்ததும் சசிகலா மைக்கை எடுத்தாள். மனப்பாடம் செய்த ஏட்டுத் தமிழ் வாசகம் வாயில் வந்தது. பாதிப் பேர் புரியாமல் பார்த்தார்கள். நிறுத்திவிட்டு ஊர்ப் பேச்சுக்கு மாறினாள்.

"ஏனுங்க, எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. முன்சக்கரத்துல ஒரு கோளாறுங்க. எறங்கையில நொம்ப ஆட்டும். நாங்க சொன்ன ஒடனே குனிஞ்சு, தலைய முன்சீட்டுல ஒட்டி வெச்சுக்கோணும். வண்டி நின்னப்பறம் பைய எடுக்கக் கூடாதுங்க."

பயணிகளில், ஏற்காட்டில் லாட்ஜ் நடத்தும் மரியஅந்தோணி தோள் அகன்ற ஆள். அவரை முன்னால் அழைத்தாள். எதிர்ப்பக்கக் கதவருகே ஏற்கெனவே ஓர் இளைஞர் இருந்தார். மரியஅந்தோணி உட்கார, கதவை ஒட்டியிருந்த ராசம்மாளின் இடம் வேண்டும்.

"அம்மா, நீங்க எந்திரிச்சுப் பின்னால போங்க."

"எதுக்கு? நான் உன்ர கிட்டத்துலயே இருந்துக்கறேன்."

"இங்க வேற ஆள் ஒக்காரோணும். எந்திரிங்க."

குரல் கடுமையாக வந்துவிட்டது. ராசம்மாள் மகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னால் நடந்தாள். சசிகலா மரியஅந்தோணிக்குக் கதவின் கைப்பிடியைக் காட்டினாள். அம்மா எந்த வரிசையில் உட்கார்ந்தாள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்சக்கரங்கள் மெதுவாகத்தான் தரையைத் தொட்டன. மூக்கைக் கேப்டன் முடிந்தவரை தூக்கியே வைத்திருந்தார். அது தாழ்ந்ததும் ஏதோ முறிந்தது. தகரத்தை ரோட்டில் இழுப்பது போன்ற சத்தம். "குனிங்க, குனிங்க" என்று சசிகலா கத்திக்கொண்டே இருந்தாள். கருகிய வாடை வந்தது. விமானம் முன்பக்கம் சரிந்து நின்றது.

வெளியேறச் சொல்லிக் கேப்டன் உத்தரவிட்டார். இறக்கைகளிலிருந்த காற்றாடிகள் நின்றுவிட்டதையும் வெளியே தீ இல்லை என்பதையும் சசிகலா ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு தலையசைத்தாள். மரியஅந்தோணியும் எதிர்ப்பக்க இளைஞரும் கதவுகளைப் பெயர்த்து வீசினார்கள். தரை கிட்டத்திலேயே இருந்தது. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து இறங்கினார்கள்.

நடுவில் வரிசை நின்றது. சட்டை இன் செய்த ஒருவர் மேலே இருந்து லேப்டாப் பையை இழுத்துக்கொண்டிருந்தார். சசிகலா கத்தியும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற ராசம்மாள் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"பைய உடு சாமி. பொறவால எத்தன பேர் நிக்கறாங்க பாரு."

அவர் விட்டுவிட்டார். வரிசை நகர்ந்தது. வழியை நெருங்கியதும் ராசம்மாள் நின்றாள்.

"நீ வரல?"

"எல்லாரும் எறங்கோணுமுங்கம்மா. போங்க."

ராசம்மாள் குனிந்து இறங்கினாள்.

திவ்யா பின்னாலிருந்து ஒவ்வொரு இருக்கையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். யாரும் இல்லை. கேப்டனும் வந்தபின் கடைசியாக இறங்கினார்கள். நுரை அடித்த ஓடுபாதையில் தீயணைப்பு வண்டிகள் நின்றன. ஒருவருக்குக் கணுக்கால் பிசகியிருந்தது, சிலருக்குச் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

பயணிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராசம்மாள் மட்டும் ஏறாமல் நின்றாள். சசிகலா பக்கத்தில் போனதும் சொன்னாள்:

"அத்தன பேர் முன்னால என்னைய வெரட்டுற."

"அந்தக் கதவு கனமுங்கம்மா. உங்க முட்டிக்கு ஆகாது."

"அதச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்ல நேரமில்லீங்க. உங்களப் பாத்துப் பேசுனா அழுதுருவேனோன்னு இருந்துச்சு."

ராசம்மாள் மகளின் கலைந்த கொண்டையிலிருந்து தொங்கிய ஊசியை எடுத்துச் சரியாகக் குத்திவிட்டாள். சசிகலா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"விசாரணை இருக்கு. நான் சாயங்காலமாத்தான் ஊட்டுக்கு வருவேன். நீங்க பஸ்ஸுல போயிருவீங்களா?"

"போயிருவேன். என்ர பைய எப்பக் குடுப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே ராசம்மாள் வேனில் ஏறினாள்.