பானெட்டுக்கு வெளியே

லிமோசின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவருக்கு ஒரு தலையசைப்பை மட்டும் கொடுத்துவிட்டு ஓசெல்லா அதைத் தாண்டி நடந்தாள். தேவாலயப் படிகளில் நின்ற கூட்டம் முழுவதும் அவளையே பார்த்தது.

"அம்மா, எங்க போற? நம்ம வண்டி இது." மகன் கார்லண்ட் பின்னாலேயே ஓடிவந்தான்.

"நான் உன் தங்கச்சிகூட வரேன்."

மகள் ரெனிட்டாவின் மஞ்சள் கமாரோ கார் தெருக்கோடியில் தனியாக நின்றது. அங்கேதான் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஓசெல்லாவின் கணவர் வெஸ்லியைச் சுமந்த சவ வண்டிக்குப் பின்னால் அவருடைய கார் சங்கத்து நண்பர்கள், போன வாரம்தான் தொழிற்சாலையை விட்டு வந்தவைபோல் பளபளத்த பழைய வண்டிகளை வரிசைகட்டியிருந்தார்கள். சங்கத் தலைவர் லூஷியஸ் மேப்ரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அது ரேஸ் மைதானத்துக்குப் போற வண்டி, சாவுக்குப் போற வண்டி இல்ல. வெஸ்லி அதுல ஒரு நாள்கூட உக்காந்ததில்ல."

"தெரியும். அதான் நான் உக்காரப்போறேன்."

"சரி, அப்ப கடைசியா வாங்க."

"கட்டினவ கடைசியா வரணுமா, லூஷியஸ்? உங்க வண்டியைக் கொஞ்சம் பின்னாடி எடுங்க."

அவர் கார்லண்டைப் பார்த்தார். கார்லண்ட் தரையைப் பார்த்தான். லூஷியஸ் போய்த் தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

வெஸ்லியின் எழுபதாம் வருஷச் செவெல் கார் இன்று டெட்ராய்ட்டின் மேற்கே, அவர்கள் வீட்டு கராஜில் போர்வை மூடிக் கிடந்தது. அதைப் பார்க்கிற யாரும் கைபடாத வண்டி என்றுதான் சொல்வார்கள். ஆனால் உள்ளே பழையது என்று பாதிகூட இல்லை. எஞ்சினைக் குடைந்து பெரிதாக்கியிருந்தார். புது பிரேக்குகள் பழைய சக்கரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. புதிதாக வாங்கிய அலுமினியப் பாகங்களுக்குக்கூடப் பழைய இரும்பின் ஆரஞ்சு நிறத்தைப் பூசி, காய்ந்ததும் லேசாக அழுக்கும் தடவினார். உட்வர்ட் சாலையில் பையன்கள் பக்கத்தில் வந்து பந்தயத்துக்குச் சீண்டினால் சிரித்துக்கொண்டே கடந்து போய்விடுவார். போன பிறகுதான் அவர்களுக்குப் புரியும்.

"என்ன பண்ணியிருக்கோம்னு அடுத்தவனுக்குத் தெரியக் கூடாது. அதுதான் வேலை" என்பார்.

"தெரியக் கூடாதுன்னா எதுக்குப்பா பண்ணணும்?" என்பாள் ரெனிட்டா.

அவள் வெல்டிங் பட்டறை தொடங்கியபோது அவர்தான் அந்தக் கமாரோவைக் கொடுத்தார், ஒரு கீறல்கூட இல்லாமல். அவள் கூரையை அறுத்துத் தாழ்த்தினாள். பின்பக்கத்தை அகலமாக்கி, தடித்த சக்கரங்களை மாட்டினாள். பானெட்டை வட்டமாக வெட்டி, காற்றை அமுக்கித் தள்ளும் சூப்பர்சார்ஜரை வெளியே நிமிர்த்தி வைத்தாள். வெஸ்லி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவள் ஒரு சுற்றுப் போகலாம் என்று கூப்பிட்டபோதெல்லாம் முதுகு வலிக்கிறது என்றார்.

ஜூன் மாதம் அவர் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஓசெல்லாவிடம், "போன அக்டோபர்லேர்ந்து சிகிச்சைக்கு வந்துட்டிருக்காரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். உதிரிபாகக் கடைக்குப் போவதாகச் சொல்லிப் போன ஒவ்வொரு வியாழனும் அப்போதுதான் ஓசெல்லாவுக்கு விளங்கியது. கட்டிலருகே போனாள்.

"வெளிய தெரியவே இல்ல பாத்தியா?" என்றார் வெஸ்லி. பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது வருகிற அதே குரல்.

அவள் அன்று அவருடன் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது.

கமாரோவுக்குள் குனிந்து நுழைந்தபோது கூரை இடித்தது. ஓசெல்லா தன் பெரிய கறுப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிஜமாவே வரியாம்மா?" என்றாள் ரெனிட்டா. அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"சாவியைத் திருப்பு."

வண்டி உறுமியது. தேவாலயத்து ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பாடகர் குழுப் பெண்மணி ஒருத்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "கர்த்தாவே!" என்று கத்தியது அந்தச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஓசெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூனுக்குப் பிறகு முதல் தடவையோ என்னவோ.

சவ வண்டி ஊர்ந்தது. பின்னால் கமாரோ திணறியது. மெதுவாகப் போகத் தெரியாத எஞ்சின். ரெனிட்டா ஆக்ஸிலரேட்டரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் வெயில். இரண்டாவது சிக்னல் தாண்டுவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது.

"கொதிக்கப்போகுதும்மா. நீ அண்ணன் வண்டில ஏறிக்கோ. நான் ஓரங்கட்டிட்டு அப்புறமா வரேன்."

"அப்புறமா வந்து? மண்ணு போட்டதையா பாக்கப்போற?"

"நடுரோட்டுல நின்னா லூஷியஸ் மாமா சிரிப்பாரும்மா."

"ஹீட்டரைப் போடு."

ரெனிட்டா திரும்பிப் பார்த்தாள்.

"எஞ்சின் சூட்டை உள்ள இழுத்துக்கும்ல? முழுசாப் போடு. நாற்பது வருஷம் உங்கப்பா சாப்பாட்டு மேஜையில வேற என்ன பேசினார்?"

ஹீட்டர் வாயிலிருந்து அனல் காலில் அடித்தது. முள் நடுங்கி, நின்று, ஒரு மயிரிழை கீழே வந்தது. கண்ணாடிகளை இறக்கியும் உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்ததுபோல் இருந்தது. ஓசெல்லா முதலில் கையுறைகளைக் கழற்றினாள். பிறகு காலுறைகளைச் சுருட்டி இறக்கினாள். நடைபாதையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்தார்.

லிமோசினிலிருந்து கார்லண்ட் போன் செய்தான். "அம்மா, கெஞ்சிக் கேக்கறேன், இங்க வந்துடு. ஏசி இருக்கு. தண்ணி இருக்கு."

"நீ நல்லா உக்காந்து வா, கண்ணா."

போனை வைத்துவிட்டு, மகள் பக்கம் திரும்பாமல், "சொல்லியிருந்தா நானும் கூடப் போயிருப்பேன்டி. ஒவ்வொரு வியாழனும்" என்றாள்.

ரெனிட்டா ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினாள். முன்னால் போன சவ வண்டியின் பின்கண்ணாடி அதிர்வது தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டி, குழிக்கு அருகில் வந்த பிறகுதான் அவள் எஞ்சினை அணைத்தாள். அடியிலிருந்து ஆவி சீறியது. ஓசெல்லா வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினாள். சுருட்டி வைத்திருந்த தலைமுடி அவிழ்ந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கறுப்பு உடை முதுகோடு நனைந்திருந்தது. முகப்பூச்சு கழுத்துவரை வழிந்திருந்தது. சங்கத்து ஆண்கள் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, மடிப்புக் கலையாமல் குழியைச் சுற்றி நின்றார்கள். லூஷியஸ் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

போதகர் ஜெபம் சொன்னார். பெட்டியைக் கயிற்றில் இறக்கத் தொடங்கியதும், ஓசெல்லாவின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்காமல் அதை விட்டாள். மறுபடியும் வந்தது. அதையும் விட்டாள். கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

கார்லண்ட் பக்கத்தில் வந்து கைக்குட்டையை நீட்டினான். "அம்மா, முகத்தைத் துடைச்சுக்கோ," என்றான் காதோரமாக. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

கைக்குட்டை நீட்டியபடியே இருந்தது. கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. கார்லண்ட் கையை மடக்கினான். பிறகு, மடிப்பைக்கூடப் பிரிக்காமல், அதைத் தன் கண்களில் வைத்துக்கொண்டான்.