ஒரு கால் அதிகம்

பாகங்களையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றிய நாளிலிருந்து என் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. பொத்தானை அமுக்கினால் காற்றாடி ஒரு துடி துடித்துவிட்டு அடங்கிவிடும். மாற்றிக் கொடுத்தவர் என் மாமனார். தச்சர். பக்கவாதம் வந்து வலது கை மரத்துப்போன பிறகு அவர் தொட்ட முதல் வேலை. நான்தான் வலியப் போய்க் கொடுத்தேன்.

"அப்பா, இனிமே எதையும் தொடாதீங்க. பேசாம உக்காருங்க" என்றார் என் கணவர். அக்கறையாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து மாமா சட்டைப் பொத்தானைக்கூட இடது கையால்தான் போடுகிறார். இப்படியே விட்டால் மனிதர் அந்தக் கையைத் தலைமுழுகிவிடுவார் என்று எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைக் காலி செய்துகொண்டு உட்கார்ந்தேன். பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தேன். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஊஹூம். கடைசியில் மதர்போர்டையே வெளியே எடுத்து ஓர் அட்டைமேல் வைத்து, பவர் பொத்தானுக்கான இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டேன். காற்றாடி ஜம்மென்று சுற்றியது. திரையில் எழுத்தும் வந்தது. மறுபடி பெட்டிக்குள் வைத்தால் பழையபடி ஒரு துடிப்பு, அவ்வளவுதான்.

அப்படியானால் கோளாறு போர்டில் இல்லை, பெட்டியில். போர்டை மறுபடி எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்டு பெட்டியின் தகட்டில் படாமலிருக்க அடியில் திருகி நிறுத்தும் பித்தளைக் கால்கள் உண்டு. போர்டில் ஓட்டை உள்ள இடத்துக்கு நேராக மட்டும்தான் அவை நிற்க வேண்டும். இங்கே ஓட்டையே இல்லாத மூலையில் ஒரு கால் நின்றுகொண்டு போர்டின் அடிவயிற்றைத் தொட்டு ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்தது.

மாமா செய்யும் எந்த மேசைக்கும் ஒரு கால் அதிகமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதில் இடிபடாத முழங்கால் கிடையாது. மூலை அந்தரத்தில் நிற்கிறதே என்று அவர் மனசு கேட்டிருக்காது.

குறட்டால் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. கணவரைக் கூப்பிட்டேன். முகம் சிவக்க முக்கிப் பார்த்தார். குறடுதான் வழுக்கியது.

"யாரு இதை இப்படி முடுக்கி வெச்சது?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்களேன்."

வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "நான்தான் கெடுத்துட்டேனாம்மா?"

"ஒரு காலை வேண்டாத இடத்துல வெச்சுட்டீங்க. போர்டுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதைக் கழட்ட எங்க ரெண்டு பேராலயும் முடியல மாமா. எந்தக் கையால முடுக்கினீங்க?"

அருகே வந்து குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். மகனின் சிவந்துபோன உள்ளங்கையைப் பார்த்தார்.

"வலது கையாலதான்" என்றார், யாரோ சொல்லக் கேட்டவர் மாதிரி.

பிறகு, "தள்ளுடா" என்று மகனை விலக்கிவிட்டு, குறட்டை அந்தக் கையிலேயே வாங்கிக்கொண்டார்.