மாடி வீட்டுக் குழாய்

மாடியில் குடியிருக்கும் நர்ஸ் பூட்டை மாற்றிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே என் கணவர் படியிறங்கி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மாத்தியிருக்கா. உள்ள ஏதோ நடக்குது."

இவருக்கு எப்போதும் உள்ளே ஏதோ நடந்துகொண்டே இருக்கும். முன்பு குடியிருந்தவர்கள் திருட்டுத்தனமாக நாய் வளர்க்கிறார்கள் என்று ஒரு மாதம் புலம்பினார். கடைசியில் பார்த்தால் அது அந்த வீட்டுப் பெரியவரின் இருமல்.

"நீங்க எதுக்கு மாடிக்குப் போனீங்க?"

"தண்ணித் தொட்டியைப் பார்க்க."

தொட்டியை நேற்றுதான் பார்த்தார். இந்த நர்ஸ் தங்கமான பெண். சத்தம் கிடையாது, சுவரில் ஓர் ஆணி அடித்தது கிடையாது. இவர் ஏதாவது உளறி, அவள் வீட்டைக் காலி செய்துவிடப் போகிறாளே என்றுதான் எனக்குப் பயம். அதனால் மறுபடி மாடியேறியவரின் பின்னாலேயே நானும் போனேன்.

அவள் எங்களை உட்கார வைத்தாள். இவர் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"நானே கீழ வரணும்னு இருந்தேன் சார். நான் டியூட்டிக்குப் போனதும் யாரோ உள்ள வந்துட்டுப் போறாங்க."

"ஏதாவது காணோமா?" என்றேன்.

"ஒண்ணும் போகல அக்கா. அதான் பயமே. அலமாரிக் கதவு நான் சாத்தின மாதிரி இருக்கிறதில்ல. அப்புறம், சொன்னா சிரிப்பீங்க. குழாய் எல்லாத்தையும் இறுக்கி மூடிட்டுப் போறான். துணியைச் சுத்தித் திருகினாத்தான் திறக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயை நான் தினமும் முந்தானையைச் சுற்றித்தான் திறக்கிறேன். இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துட்டுத் தூங்குறேன் அக்கா. வீட்டையே மாத்திடலாமான்னுகூட யோசிச்சேன். அப்புறம்தான் புதுப் பூட்டு போட்டேன்." இன்னொரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும் சார். உங்களை விட்டா நான் வேற யாரை நம்புறது?"

இவர் கை நீளவில்லை. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. தூங்காத அவள் கண்களைப் பார்க்கப் பார்க்க இவர்மேல் ஆத்திரமாக வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து சமையலறையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. இவர் நெளிந்தார். இன்னொரு சொட்டு. எழுந்துவிட்டார்.

"உட்காருங்க," என்றேன். காதில் விழவில்லை. உள்ளே போனார். சொட்டுவது நின்றது. ஒரு பெரிய காரியம் முடித்தவர் மாதிரி வந்து உட்கார்ந்தார்.

"பேசிட்டே இருக்கேன் பாருங்க, குடிக்கத் தண்ணிகூடக் குடுக்கல," என்று நர்ஸ் எழுந்து போனாள். டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

காலி டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் இவரையே பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இனிமே வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டு வாங்க சார்," என்றாள். "நானே கதவைத் திறக்கிறேன்."