கை வைக்காதே

"தேய்க்காதடா, ஒத்தி எடு," என்றார் அப்பா.

அவன் ஒத்தித்தான் எடுத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நாளாக இதே சேவகம். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனையில்லாத சோப்பு, டிஷ்யூ தாள், அதன்மேல் மெல்லிசாகக் களிம்பு. களிம்பு காயப் பத்து நிமிஷம் காத்திருந்துதான் சட்டை போட வேண்டும். டாட்டூக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பள்ளிப் பேருந்தைக் காலை நடை முடித்து நிறுத்தியதும் அவன் நேரே வந்து நிற்பது அப்பாவின் இந்த நெஞ்சுக்கு முன்னால்தான்.

நெஞ்சில் கட்டைவிரல் உயர எழுத்துகளில் 'கை வைக்காதே' என்று இருந்தது.

அப்பா நாற்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். வேலை பார்க்கும் இடத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இதே வாசகத்தை அட்டையில் எழுதி அதன்மேல் தொங்கவிடுவார். எழுபத்தொரு வயதில் அதைத் தன் மேலேயே எழுதிக்கொண்டு வந்து நின்றார். கூட்டிக்கொண்டு போனது அக்கா. இவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார்கள்? எழுதியதே இவனுக்காகத்தானே. ஆஸ்பத்திரியில் அம்மாவின் நெஞ்சை அழுத்தி, போன உயிரை இழுத்துப் பிடித்தார்கள். விலா முறிந்தது. அதற்குப் பிறகு பதினெட்டு நாள் குழாய்களோடு கிடந்துதான் போனாள். எனக்கு அது வேண்டாம் என்பதே அன்றிலிருந்து அப்பாவின் பேச்சு. வீட்டில் நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஒரே ஆள் இவன். ஓட்டுநர்களுக்கான முதலுதவி வகுப்பில் பொம்மையை அழுத்திப் பழகிச் சான்றிதழ் வாங்கியிருந்தான்.

"டாக்டர்கிட்ட எழுதிக் குடுத்தாச்சு. அவரு கேட்டுக்குவாரு. உன்னைத்தான் நம்ப முடியல," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, தோளைத் தூக்க முடியவில்லை, குனிந்தால் கண் தெரியவில்லை என்று மருந்து போடும் வேலையையும் இவன் தலையிலேயே கட்டினார்.

"கை வைக்காதேன்னு எழுதிட்டு, தினம் ரெண்டு வேளை என் கையைத்தான் வைக்கச் சொல்றீங்க. நல்லாருக்கு உங்க நியாயம்."

"அரிக்குதுடா."

"சொறிஞ்சீங்கன்னா எழுத்து போயிடும்."

"போகக் கூடாது. தெளிவா இருக்கணும். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

அவன் சொல்லவில்லை. பன்னிரண்டு நாளாகவே சொல்லவில்லை. ட்யூபைப் பிதுக்கிக் களிம்பைப் பரப்பினான். எழுத்துகளின்மேல் தட்டியிருந்த பக்கு ஓரங்களில் உரிய ஆரம்பித்திருந்தது. நன்றாகத்தான் ஆறிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட தன்மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது.

"சொல்லேண்டா," என்று மறுபடி ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்தார்.

தரையில் கிடத்தினான். மூச்சு இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுத் தரையில் வைத்தான். அதற்குள் கைகள் தாமாகவே அந்த இடத்துக்குப் போய்விட்டன. எழுத்து நேர் கீழே இருந்தது. படித்தான். அழுத்தினான்.

கை வழுக்கியது. அவனே தடவிய களிம்பு. துண்டை இழுத்து, கறைபிடித்த பாத்திரத்தைத் துடைப்பதுபோல் அரக்கித் துடைத்தான். பக்கு துண்டோடு வந்தது. மறுபடி அழுத்தினான்.

"எந்திரிங்க! பெரிய இவரு மாதிரி எழுதிக்கிட்டா ஆச்சா? என்னைக் கேட்டீங்களா? எந்திரிங்கப்பா!"

எண்ணிக்கொண்டே திட்டினான், திட்டிக்கொண்டே எண்ணினான். இருபது நிமிஷம் ஆனது. ஆம்புலன்ஸில் வந்தவர் தோளைப் பிடித்து இழுத்துத்தான் அவனை நிறுத்த வேண்டியிருந்தது.

"போதும் சார். போயிட்டாரு."

ஒரு மணி நேரத்தில் அக்கா வந்தாள். கட்டிலில் கிடத்தியிருந்தவரின் போர்வையை விலக்கினாள். எழுத்துகள் கன்றிச் சிதைந்து கிடந்தன.

"கை வச்சியா?"

"வச்சேன்."

"அவரு அவ்வளவு சொல்லியும்?"

"நான் சரின்னு சொல்லவே இல்லையே. எழுதுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருந்தா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

யாரையாவது ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. அறைய வேண்டிய ஆள் கட்டிலில் கிடந்தார்.

அக்கா ஈரத்துணியைப் பிழிந்து நெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, மேலும் கீழுமாக, பலமாக.

"தேய்க்காத!" என்று கத்தினான். "ஒத்தி எடு. அவரை அங்க கூட்டிட்டுப் போகத் தெரிஞ்சுது, இது தெரியாதா?"

துணியைப் பிடுங்கி எறிந்தான். கை கழுவாமல் தொடக் கூடாது என்று தாளில் இருந்தது. இரண்டு முறை சோப்புப் போட்டும் உள்ளங்கை ரேகைகளில் கறுப்புத் துகள் போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தான். ஒவ்வோர் எழுத்தாக ஒத்தி எடுத்தான். ட்யூபைப் பிதுக்கி, மெல்லிசாகத் தடவினான்.

அமரர் ஊர்தியோடு வந்தவர் வாசலில் நின்று செருமினார். "சட்டையைப் போட்டுட்டீங்கன்னா எடுத்துடலாங்க."

"பத்து நிமிஷம் ஆகும்," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "மருந்து காயணும்."

வந்தவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, கையில் சலவைச் சட்டையோடு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.