பிரதிவாதிகள் ஜெயித்த வழக்கு

என் மகள் என் மேலும் அவள் அம்மா மேலும் வழக்குப் போட்டாள். மனுவைக் கொடுக்க அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். திரும்பி வரும் வழியில் மூவரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம்.

போலந்தில் அப்போது கோர்ட்டு வழக்கம் அப்படி. பிறந்தபோது தாளில் ஆண் என்று எழுதிவிட்டார்கள், ஆனால் நான் பெண் என்று ஒருத்தி சொல்ல வேண்டுமானால், பெற்றவர்களைக் கூண்டில் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் முழு மனதோடு ஒத்துக்கொண்டாலும் விடமாட்டார்கள். அவள் வாதி, நாங்கள் பிரதிவாதிகள். எந்த மடையனுக்கு இந்த யோசனை வந்ததோ தெரியாது.

எனக்கு ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சலூன். சின்ன ஊர் என்பதால் விஷயம் இரண்டே நாளில் நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஸெனோன். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் இருப்பது நாற்பது முடி, அதை வெட்ட வாரம் தவறாமல் வருவார்.

"என்ன மாஸ்டர், பெத்த புள்ளையே உங்கள கோர்ட்டுக்கு இழுத்துட்டானாமே?"

"இழுத்துட்டாள்னு சொல்லுங்க."

"சரிப்பா, இழுத்துட்டாள். என்ன செய்யப் போறீங்க?"

"தோத்துப் போகப் போறேன். அதுக்குன்னு புதுச் சட்டையே எடுத்து வச்சிருக்கேன்."

சலூனே சிரித்தது. என் தொழிலில் கத்தரி பாதி, வாய் பாதி. முப்பது வருஷமாக நான் சொல்லும் கதைகளைக் கேட்கவே பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர்கள் இருந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் மகளின் பெயர் கலினா. அவளே தேர்ந்தெடுத்த பெயர். முன்பு நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். ஐந்து வயதுவரை அவள் பேசவில்லை. ஆட்டிசம் என்றார்கள். முடிவெட்டும் மெஷின் சத்தம் கேட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வாள், அதனால் கத்தரியால்தான் வெட்டுவேன். ஒவ்வொரு வெட்டையும் நான் உரக்க எண்ண வேண்டும். உருளைக்கிழங்கு வெள்ளைத் தட்டில் இருக்க வேண்டும், மேலே சதகுப்பைத் தழை தூவக் கூடாது. இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. பதினோரு வயதில் ஏழு பக்கம் எழுதிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பத்தி பத்தியாக எண் போட்டு, தான் ஒரு பெண் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: "இனிமேல் முடியை வெட்ட வேண்டாம்."

மிர்கா, என் மனைவி, இரண்டு தடவை படித்தாள். பிறகு மகளிடம் கேட்டாள்: "சரி. ஜடை போடத் தெரியுமா? வா, கத்துத் தரேன்."

எனக்கு அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஒரு வாரம் சலூனில் வாய் திறக்காமல் வெட்டினேன். எட்டாம் நாள் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. வெளியே உலகமே இந்தப் பிள்ளையைக் கடித்துக் குதறக் காத்திருக்கிறது, இதில் நான் வேறு எதற்கு என்று தோன்றியது. அதோடு அந்தக் குழப்பத்தை விட்டுவிட்டேன்.

உலகம் கடித்துத்தான் குதறியது. பள்ளியில் அவளைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டி, கை உலர்த்தும் மெஷினை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தச் சத்தத்தில் அவள் தன் முன்கையையே கடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். தலைமை ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டு, "கொஞ்சம் மத்தவங்க மாதிரி இருந்தா இந்தத் தொல்லை வருமா?" என்றார். அதற்குப் பிறகு மிர்கா தையல் வேலையை எடுத்துக்கொண்டு பள்ளி நடைவழியில் போய் உட்கார ஆரம்பித்தாள். மூன்று வருஷம் உட்கார்ந்தாள். கலினா என்ற பெயருக்குரிய நாளை எங்கள் பக்கம் பிறந்தநாள் மாதிரிக் கொண்டாடுவார்கள், அன்றைக்குக் கேக் செய்து பக்கத்து வீடுகளைக் கூப்பிட்டோம். எட்டுத் தட்டு வைத்ததில் ஐந்து சுத்தமாகவே இருந்தன.

ஆனாலும் அவள் தேறினாள். பத்தொன்பது வயதில் ரயில்வே நடத்திய தேர்வில் முதலாவதாக வந்தாள். ரயில்களை எந்தப் பாதையில் விடுவது என்று உத்தரவு போடும் வேலைக்குப் பயிற்சி. நாடு முழுக்க உள்ள ரயில் நேரம் அவளுக்கு மனப்பாடம். இதைவிடப் பொருத்தமான வேலை அவளுக்கு இந்தப் பூமியில் கிடையாது. சேருவதற்கு ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அதில் அச்சாகியிருந்தது பழைய பெயர்.

"ஒரு கையெழுத்துத்தானேம்மா. போட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாம்" என்றேன்.

"அது என் பேர் இல்ல. இல்லாத பேர எழுதினா அது பொய்க் கையெழுத்து. ரயில்வேல பொய்க் கையெழுத்துப் போட்டா ரயில் மோதும், அப்பா."

அவளிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ரயில்வேக்காரர்களைக் கெஞ்சி ஒரு வருஷம் அவகாசம் வாங்கினோம். படிவத்தைக் காந்தம் வைத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வழக்கில் நாங்கள் தோற்க வேண்டும், அவள் தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

வக்கீல் ஜூடிதா இந்த மாதிரி வழக்குகள் நிறையப் பார்த்தவர். முதல் நாளே என்னை அளந்துவிட்டார்.

"ரோமன் ஐயா, உங்களுக்கு ஒரே ஒரு வரிதான். 'கோரிக்கையை ஒத்துக்கொள்கிறேன்.' அதச் சொல்லிட்டு உக்காந்துருங்க. கதை கிதை வேண்டாம்."

"நான் எங்கம்மா கதை சொல்றேன்?"

"இப்ப வந்ததுலேருந்து மூணு சொல்லிட்டீங்க."

கோர்ட்டில் நீதிபதி ஒரு பெண்மணி. கழுத்தில் கழுகுப் பதக்கம் தொங்கும் கனத்த சங்கிலி. கலினா காதை மூடும் கருவியோடு வந்திருந்தாள். அதைக் கழற்றச் சொன்னார். "கேட்டா மட்டும் பதில் சொல்லணும். இடையில யாரும் பேசக் கூடாது" என்றும் சொன்னார். கலினா தலையாட்டினாள். கூரையில் குழல் விளக்கு ஒன்று ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. அவள் விரல்களால் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மிர்கா எழுந்தாள். "கோரிக்கையை ஒத்துக்கொள்கிறேன்." உட்கார்ந்தாள். நல்ல பெண்பிள்ளை.

நான் எழுந்தேன். சொன்னேன். உட்காரப் போனவனை நீதிபதி நிறுத்தினார்.

"உங்க பிள்ளை சின்ன வயசுலேருந்தே இப்படி உறுதியா இருப்பாங்களா?"

பதில் 'ஆமாம்' என்ற ஒரு சொல். ஜூடிதா பார்வையாலேயே என்னை உட்காரச் சொன்னார். எனக்கோ அந்த அம்மாள் என் மகளைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை. பிடித்துப்போக வேண்டும் என்ற ஆசை. அதனால் என் சலூனில் பத்து வருஷத்துக்கும் மேலாகத் தோற்காத கதையை எடுத்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட். ஆறு வயதில் கலினா மிர்காவின் ஆரஞ்சு சால்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பாள். ஒரு கையை வட்டமாகச் சுற்றுவாள், பிறகு அதை நீட்டி வழியை மறிப்பாள். வாயால் ணிங் ணிங் என்று மணி. இன்னொரு கையில் மரக்கரண்டி வேறு, அது எதற்கு என்று ஒருத்தருக்கும் தெரியாது. கொதிக்கிற சூப் பானையோடு வந்தாலும் நாங்கள் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரயில் போய், கை மேலே ஏறினால்தான் சாப்பாடு.

"ரெண்டு வருஷம், மேடம்! நான் பசியில செத்தே போயிருப்பேன்."

தட்டச்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீதிபதி உதடுகூட அசைந்தது. எனக்குச் சலூனில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"அப்போ தன்னை ஒரு ரயில்வே கேட்னு நம்பினாங்க?"

"நம்பினதா? அவ கேட்டேதான், மேடம். எடுத்தா விடமாட்டா."

"அப்புறம் அது எப்படிப் போச்சு?"

"அந்த கேட் தானா ஏறி இறங்கற மாதிரி மாத்தினாங்க. அதோட விட்டுட்டா."

கலினா அப்போது என் கண்ணைப் பார்த்தாள். அவள் யார் கண்ணையும் பார்க்கிறவள் அல்ல. வாயைத் திறந்தாள். நீதிபதி பக்கம் திரும்பினாள். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பழைய விளையாட்டைக் கேட்டு அவளுக்கும் சந்தோஷம் என்று நான் நினைத்தேன்.

காரில் ஏறியதும் மிர்கா சொன்னாள்: "ரோமன், உன் வாய்ல பூட்டுப் போட்டிருக்கணும்."

"ஏன், சிரிச்சாங்களே?"

"அதான் பயமா இருக்கு."

கோர்ட்டு ஒரு மனநல நிபுணரை நியமித்தது. அவர் முறை வர ஏழு மாதம். வந்தபின் கலினாவோடு நாற்பது நிமிஷம் பேசினார். ஒன்பது பக்கம் எழுதினார். அதில் மூன்று இடத்தில் கேட். வாதிக்கு ஆட்டிசம் உண்டு, சிறுவயதில் தன்னை வேறொன்றாக இரண்டு ஆண்டுகள் உறுதியாக நம்பி, சூழல் மாறியதும் கைவிட்டிருக்கிறார், இப்போதைய நம்பிக்கையும் அத்தகையதாக இருக்கக்கூடும். இதை எழுத ஒன்பது வருஷப் படிப்பு வேறு படித்திருப்பார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

ஆக, பிரதிவாதிகள் ஜெயித்தோம்.

கலினா அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான்கு நாள் வரவில்லை. மிர்கா வெள்ளைத் தட்டை அவள் காலடியில் வைப்பாள், வைத்தபடியே எடுப்பாள். பழைய பல் தடத்தின் மேலேயே கலினா கையைக் கடித்துவைத்திருந்தாள். நான் அலமாரிக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து ஏதோ உளறிக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் நிறுத்தினேன். என் குரலைக் கேட்டாலே அவள் தோள் சுருங்கியது.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பின் விளக்கம் எழுத்தில் வந்தது. கலினா அதை இரண்டு தடவை படித்தாள். சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி ஒப்பித்தாள். சின்ன வயதில் பயம் வந்தால் ரயில் நிலைய அறிவிப்புகளை இப்படித்தான் ஒப்பிப்பாள், ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"பிரதிவாதியான தந்தையின் வாக்குமூலம் தன்னிச்சையாகவும் பாசத்தோடும் அளிக்கப்பட்டது. நீதிமன்றம் அதை முழுமையாக நம்புகிறது. பிரதிவாதியான தந்தையின் வாக்குமூலம் தன்னிச்சையாகவும் பாசத்தோடும்..."

"கலினா, போதும்மா" என்றாள் மிர்கா.

நிறுத்தினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"நான் கேட் இல்ல, அப்பா."

"தெரியும்மா. அது ஒரு விளையாட்டு..."

"இல்ல. நான் யத்விகா அம்மா."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள், ரயில் நேரம் கேட்ட பயணிக்குச் சொல்கிற மாதிரி.

"கேட் மூடற யத்விகா அம்மா. ஆரஞ்சு சட்டை போட்டிருப்பாங்க. கைப்பிடியச் சுத்தித்தான் கேட்ட இறக்குவாங்க. கொடி பிடிச்சிருப்பாங்க. அந்தக் கரண்டிதான் கொடி. கேட் எதுக்கு அப்பா கொடி பிடிக்குது? தானா மூடற கேட் வந்ததும் அவங்கள வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. அவங்க போனதுனால நான் நிறுத்தினேன். எனக்கு அவங்கள மாதிரிப் பொம்பளையா ஆகணும். அப்ப எனக்குச் சொல்லத் தெரியல. செஞ்சு காட்டினேன். ரெண்டு வருஷம் காட்டினேன்."

மிர்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத ஏம்மா கோர்ட்டுல சொல்லல?" என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"கேட்டாத்தான் பேசணும்னாங்க. கேக்கல."

அவள் சலூன் மூலையில் முடி பெருக்கிக்கொண்டிருந்த, அவளுக்காக நான் மெஷினைத் தொடாத எத்தனையோ சனிக்கிழமைகளில் நான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஊரே சிரித்திருக்கிறது. அது என்ன விளையாட்டு என்று நானும் ஒருநாள்கூட அவளைக் கேட்டதில்லை.

ஜூடிதாவுக்கு உடனே போன் போட்டேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அப்பீல் போடலாம், போடறேன். ஆனா நீங்க இப்ப மாத்திச் சொன்னா, தோத்தப்புறம் சொல்லிக் குடுத்தாங்கன்னுதான் எழுதுவாங்க. அந்தத் தீர்ப்புல முழுசா நம்பறோம்னு எழுதியிருக்கிற சாட்சி நீங்க ஒருத்தர்தான், ஐயா."

அப்பீல் விசாரணைக்கு வர ஒன்றரை வருஷம் ஆகும் என்றார்கள். ரயில்வே கொடுத்த அவகாசம் செப்டம்பரோடு முடிந்தது. அந்த இடத்துக்கு இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கலினா படிவத்தை பிரிட்ஜிலிருந்து எடுத்து நான்காக மடித்துக் குப்பையில் போட்டாள். காந்தத்தை அது இருந்த இடத்திலேயே விட்டாள். சலூனுக்கு அவள் இப்போது வருவதில்லை.

போன சனிக்கிழமை ஸெனோன் வந்தார். நாற்காலியில் ஏறி, புதிதாக யாரோ ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "மாஸ்டர், இவருக்கு அந்த கேட் கதையச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். யத்விகா அம்மா, ஆரஞ்சு சட்டை, கைப்பிடி, கொடி. கதையைச் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது கண்ணாடியில் என் முகத்தை நான் பார்க்கவில்லை.

நண்பர் ஸெனோனைப் பார்த்தார். ஸெனோன் நெளிந்தார்.

"இல்லப்பா, நீங்க வேற மாதிரில்ல சொல்வீங்க. பழசுதான் நல்லா இருந்துச்சு. அதச் சொல்லுங்க."

ஸெனோனுக்கு அரைத் தலைதான் முடிந்திருந்தது. துண்டை உருவி எடுத்துவிட்டு, மீதியை வேறு எங்காவது போய் வெட்டிக்கொள்ளச் சொன்னேன்.