நாலுகால் பாய்ச்சல்

பட்டாளத்து ஏலத்தில் ஜலாலுதீன் பாய் எடுத்த டாட்ஜ் வண்டி அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. ஏரிக்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு இறால் கூடைகள் அதில்தான் போகும். டிரைவர் பாக்கியநாதன், சண்டை நாளில் பர்மா சேற்றில் அதே மாதிரி வண்டி ஓட்டியவன். கூடை ஏற்றும் எங்கள் ஆறு பேருக்கும் அவனுக்கும் பிழைப்பு ஒன்றுதான். அவனுக்கு உட்கார்ந்த கூலி, எங்களுக்கு நின்ற கூலி.

பாயின் மருமகன் ஷஃபியுல்லா மதராஸில் ஒரு மாதம் கார் ஓட்டிப் பழகிவிட்டு வந்தான். வந்ததும் அவன் கண்ணில் பட்ட முதல் தண்டச்செலவு பாக்கியநாதன்.

"இன்னிக்கு லோடு நான் ஓட்றேன். ரெண்டரை மணி ரயிலுக்குச் சேத்துட்டேன்னா, நாளிக்குலேர்ந்து நீ ஊட்ல இரு."

பாக்கியநாதன் வாயிலிருந்த வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை. சீட்டை விட்டு நகர்ந்துகொண்டான். ஷஃபியுல்லா கியர் குச்சியைப் பிடித்துப் பார்த்தான். பக்கத்திலிருந்த குட்டைக் குச்சியையும் தொட்டான்.

"இது இன்னாத்துக்கு?"

"அத்தப் போட்டா நாலுகாலும் பாயும், சின்ன பாய்."

பொய்யில்லை. முன்சக்கரங்களுக்கும் எஞ்சின் இழுப்பைக் கொடுக்கிற குச்சி அது. மணலில் இறங்குமுன் போடவேண்டும், கெட்டித் தரை வந்ததும் எடுத்துவிடவேண்டும். ஆனால் நாலுகால் பாய்ச்சல் என்றால் எவனுக்கும் குதிரைதானே ஞாபகம் வரும்?

கரை மணல் தொடங்கியது. "மணல்ல எதுக்குப் பாய்ச்சல்? மெதுவா போவணும்" என்று ஷஃபியுல்லா அந்தக் குச்சிப் பக்கமே போகவில்லை. நூறு கஜம் போகுமுன் பின்சக்கரங்கள் கோழி குப்பையைக் கிளறுவதுபோல மணலைக் கிளறி அச்சு வரை புதைந்தன. முன்சக்கரங்கள் மேஸ்திரிபோல நின்று வேடிக்கை பார்த்தன.

பனைமட்டைகளைக் கீழே போட்டுத் தள்ளினோம். பாக்கியநாதனும் இறங்கித் தோள் கொடுத்தான். கூடைக்காரி ஆரோக்கியமேரி அவன் காதோரம் சீறினாள்.

"யோவ், அந்தக் குச்சி இதுக்குத்தானே? தெனம் நீ போட்றத பாத்துக்கினுதான இருக்கேன்."

"வாய மூடிக்கினு தள்ளு."

"உன் வேலைக்கு என் இடுப்பு ஒடியணுமா?"

"ஸ்டேஷன்ல நாஷ்டா வாங்கித் தரேன்."

"வெறும் இட்லிக்கெல்லாம் ஒடியாது. வடையும் சேத்து."

தார் ரோட்டில் ஏறும்போது மணி இரண்டு. பாக்கியநாதன் எங்களோடு பின்னால் கூடைகள் மேல் ஏறிக்கொண்டான். "இப்போ பாருங்க பாய்ச்சல" என்று ஷஃபியுல்லா குட்டைக் குச்சியைப் போட்டான். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டேஷன் திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடித்தான். அது அவன் கையைத் திருப்பி ஒடித்தது. டயர்கள் கீச்சிட்டன, வண்டி உதறியது, ரோட்டுக்குக் குறுக்கே அப்படியே எஞ்சின் நின்றுபோனது.

குச்சியை இழுத்தான். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தான். ம்ஹூம். வழி மறிபட்ட மாட்டுவண்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, வண்டிக்கு வலிப்பா?"

அங்கே ஸ்டேஷனில் ரயிலுக்குக் கைகாட்டி இறங்கிவிட்டது. தொட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒடைச்சிட்டேன். மாமா என்னக் கொன்னுடுவாரு."

கூடைகளின் மேலிருந்து பாக்கியநாதன் நிதானமாகக் கேட்டான். "நாளிக்கு நான் ஊட்லதானே, சின்ன பாய்?"

"பேஜாரு பண்ணாதய்யா. வந்து ஏறு."

"நாளிக்கு?"

"நாளிக்கும் ஏறு! நாளன்னிக்கும் ஏறு!"

பாக்கியநாதன் ஏறினான். எஞ்சினைக் கிளப்பி, சக்கரத்தை நேராக்கி, நாலு கஜம் பின்னால் வந்தான். அப்புறம் ஒரே விரலால் குட்டைக் குச்சியைத் தட்டினான். அது சுலபமாக விடுபட்டது.

ஷஃபியுல்லா வாயைப் பிளந்தான். "எப்டி?"

"திரும்பறப்போ முன்சக்கரம் ஜாஸ்தி தூரம் போவும், பின்சக்கரம் கம்மியா போவும். மணல்னா வழுக்கி சரி பண்ணிக்கும். தாரு வுடாது, உள்ள கயிறு மாதிரி முறுக்கிக்கும். பின்னாடி வந்தா முறுக்கு அவுந்துடும்."

கடைசிக் கூடை ஏறும்போது ரயில் ஊதிவிட்டது. ஆரோக்கியமேரி இரண்டு வடை தின்றாள்.

சாயங்காலம் ஜலாலுதீன் பாய் மருமகனைக் கேட்டார். "இவன நிறுத்தப் போறேன்னியே?"

"இந்த வண்டி பின்னாடி போனாத்தான் முன்னாடி போவும், மாமா. அந்த வித்தை இவனுக்குத்தான் தெரியும்."

காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி தலை நிமிராமல் சொன்னாள்:

"வண்டி மட்டுமா?"